ஸ்நோ ப்ளோயர் மக்கர் பண்ணுதா? மெக்கானிக்குக்கு போன் போடும் முன்னாடி இதைப் படிங்க!

ஸ்நோ ப்ளோயருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஜூலையில் கராஜ் மூலையில் சும்மா நிற்கும்போது அதில் ஒரு பிரச்னையும் தெரியாது. நவம்பரிலும் தெரியாது. ராத்திரி முழுக்கப் பனி கொட்டி, காலை ஏழு மணி ஷிஃப்ட்டுக்குக் காரை வெளியே எடுத்தே ஆகணும் என்று நீங்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கிற அந்த நிமிஷம் பார்த்துத்தான் 'என்னால முடியாதுப்பா' என்று படுத்துவிடும்.

அன்றைக்கு மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார். ஏனென்றால் உங்கள் தெருவில் இன்னும் பத்து பேர் வீட்டில் அதே நேரம் அதே மெஷின் படுத்திருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கே பனி என்றால் மார்கழி காலையில் புல்லில் நிற்கும் பனித்துளி இல்லை. முழங்கால் வரை கொட்டிக்கிடக்கும் பனி. 2025 பிப்ரவரியில் டொரன்டோவில் ஒரே வாரத்தில் அரை மீட்டர் அளவுக்குக் கொட்டியது. 1999 ஜனவரியில் நிலைமை கைமீறிப் போய், அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மேன் பனி அள்ள ராணுவத்தையே கூப்பிட்டார். வீட்டு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் இருக்கிற ட்ரைவ்வேயில் கிடக்கும் இந்தப் பனியை வாரி, சில மீட்டர் தள்ளி வீசுவதுதான் ஸ்நோ ப்ளோயரின் வேலை. பார்ப்பதற்கு நம்ம ஊர் பவர் டில்லரின் தம்பி மாதிரி இருக்கும்.

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களுக்கு இந்த மெஷின் இன்னொரு வழியில் அறிமுகமாகும். "தம்பி, நீங்க இன்ஜினீயரிங்தானே படிச்சீங்க? இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வீட்டு ஓனர் அங்கிள் கையைக் காட்டுவார். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொன்னாலும் விட மாட்டார். அறுபது வயதுக்கு மேல் கடும் குளிரில் ஷவல் பிடித்து ஈரப்பனி அள்ளுவது இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர்கள் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். அதனால் அந்த மெஷின் ஓடுவது அவருக்கு நிஜமாகவே முக்கியம்.

நல்ல செய்தி என்னவென்றால், ஸ்டார்ட் ஆகாத ஸ்நோ ப்ளோயர்களில் பெரும்பாலானவற்றின் வியாதி ஒன்றுதான். பழைய பெட்ரோல். அதை வீட்டிலேயே சரிபண்ணலாம். கெட்ட செய்தியும் ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் மிகச் சாதாரணமான கோளாறைத் தப்பாகச் சரிபண்ணப் போய்த்தான் பலர் விரலை இழக்கிறார்கள். இரண்டையும் பார்த்துவிடுவோம்.

உள்ளே என்னதான் இருக்கு?

1925-ல் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் என்பவர் லாரியோடு பொருத்திய முதல் ஸ்நோ ப்ளோயரை உருவாக்கினார். வயலில் கதிரடிக்கும் மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். கதிரை உள்ளே இழுத்து, வைக்கோலை வெளியே துப்புகிற அதே தத்துவம். இன்று உங்கள் கராஜில் நிற்பதிலும் அதுதான்.

முன்பக்கம் திருகு மாதிரி சுற்றுகிற இரும்பு இருக்கிறதே, அதன் பெயர் ஆகர். பனியை வெட்டி நடுப்பகுதிக்கு இழுத்து வருவது அது. அதற்குப் பின்னால், உள்ளே ஒளிந்திருப்பது இம்பெல்லர். மிக்ஸி பிளேடு மாதிரி வேகமாகச் சுற்றி, வந்த பனியை மேலே இருக்கிற குழாய் வழியாக வீசும். அந்தக் குழாய்க்குப் பெயர் ஷூட். இப்படி ஆகர், இம்பெல்லர் இரண்டும் இருந்தால் அது டூ ஸ்டேஜ் மெஷின். ஆகரே வெட்டி ஆகரே வீசினால் சிங்கிள் ஸ்டேஜ். சின்ன ட்ரைவ்வேக்கு சிங்கிள் ஸ்டேஜ் போதும். ஆனால், மாநகராட்சி வண்டி ரோட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டே போய் உங்கள் வாசலில் ஒரு கெட்டியான பனிச்சுவரைக் கட்டிவிட்டுப் போகும் பாருங்க, அதை உடைக்க டூ ஸ்டேஜ்தான் லாயக்கு.

கை வைக்கும் முன் ஒரு சடங்கு. எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பியைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவைங்க. பிளக் வயர் கழன்றிருந்தால் இன்ஜின் தானாக உயிர்பெற வழியே இல்லை. எலெக்ட்ரிக் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்க. பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை வெளியே எடுங்க.

இன்னொன்று, கராஜுக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீங்க. ஷட்டரைத் திறந்து வைத்தாலும் சரி. புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கராஜும் வீடும் ஒட்டியே இருப்பதால் அது நேராக வீட்டுக்குள் போகும். குளிருதே என்று உள்ளேயே நின்று ஸ்டார்ட் பண்ணுகிற ஆசை எல்லோருக்கும் வரும். மெஷினை வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

ஸ்டார்ட்டே ஆகலையா?

முதலில் வெட்கப்படாமல் சில்லறை விஷயங்களைப் பாருங்க. பல மெஷின்களில் சாவி என்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது முழுசாக உள்ளே போகவில்லை என்றால் நூறு தடவை இழுத்தாலும் ஓடாது. பெட்ரோல் டேங்குக்குக் கீழே ஒரு வால்வு இருக்கும், போன சீசன் முடிவில் யாராவது அதை மூடியிருப்பார்கள். த்ராட்டிலில் ஆமை படமும் முயல் படமும் இருந்தால் முயல் பக்கம் வைங்க. குளிர்ந்த இன்ஜினுக்கு சோக் முழுசாகப் போட்டிருக்கணும். சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ரப்பர் பட்டன் இருக்கிறதா? அதுதான் பிரைமர். இரண்டு மூன்று தடவை அமுக்குங்க. பத்து தடவை அமுக்கினால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கிவிடும், அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். ஆயிலையும் பார்த்துவிடுங்க. ஆயில் குறைந்தால் ஓட மறுக்கிற இன்ஜின்களும் உண்டு. பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்நோ இன்ஜின்களுக்கு 5டபிள்யூ-30 ஆயில் போடச் சொல்வார்கள். கோடைக்கான கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தால் குளிரில் தேன் மாதிரி ஆகி, கயிற்றை இழுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்க. எனக்குப் பிடித்த பரிசோதனை இது, ஏனென்றால் ஒரே பார்வையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாலைந்து தடவை கயிற்றை இழுத்த பிறகும் பிளக் நுனி காய்ந்திருந்தால், பெட்ரோல் இன்ஜினுக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை. அதாவது பிளக் செத்திருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி பெட்ரோல் போயிருக்கலாம். புது பிளக் சில டாலர்தான். மாடலுக்கு ஏற்றதை வாங்கி, மேனுவலில் சொன்ன இடைவெளியோடு மாட்டிப் பாருங்க. கரி படிந்த பழசைச் சுரண்டிச் சுரண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிளக் காய்ந்திருந்தால்? வாங்க, நம்ம முக்கியக் குற்றவாளியிடம் போகலாம்.

ஒன்டாரியோவில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவிகிதம் அளவுக்கு எத்தனால் கலந்திருக்கும். இந்தியாவில் இ20 பெட்ரோல் பற்றி பைக் ஓட்டுபவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களே, அந்த எத்தனால்தான். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்ரோலோ மெல்ல மெல்ல ஆவியாகி, பின்னால் வார்னிஷ் மாதிரி ஒரு பிசினை விட்டுவிட்டுப் போகும். மார்ச்சில் நிறுத்திய மெஷினை டிசம்பரில் தொடுகிறீர்கள். நடுவில் எட்டு ஒன்பது மாதம். கார் தினமும் ஓடுவதால் அதற்கு இந்தப் பிரச்னை வருவதில்லை. ஆனால், ஸ்நோ ப்ளோயரின் கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற ஓட்டை ஊசி முனை அளவுதான். அதில் துளி பிசின் ஒட்டினாலே கதை முடிந்தது.

இதை உறுதிப்படுத்த இன்ஜினே துப்பு கொடுக்கும். பிரைமரை அமுக்கியதும் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடுகிறதா? ஓட்டை முழுசாக அடைத்திருக்கிறது. சோக் போட்டிருக்கும்போது ஓடி, சோக்கைத் திறந்ததும் சாகிறதா? அல்லது மூச்சிரைக்கிறவர் மாதிரி ஏறி இறங்கி ஓடுகிறதா? ஓட்டை பாதி அடைத்திருக்கிறது.

கார்புரேட்டரோடு ஒரு மணி நேரம்

கேட்கவே பயமாக இருக்கலாம். ஆனால், இந்த மெஷின்களின் கார்புரேட்டர் உள்ளங்கையில் அடங்குகிற சமாச்சாரம். பைக் கார்புரேட்டரைத் திறந்து பார்த்த அனுபவம் இருந்தால் உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

இன்ஜின் ஆறியிருக்கணும். திறந்தவெளியில், சிகரெட், ஹீட்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வேலையைப் பாருங்க. பிளக் வயர் கழன்றிருக்கட்டும். முதல் வேலையாக போனை எடுத்து மெஷினின் மாடல் நம்பர் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுங்க. அந்த நம்பரைப் போட்டுத் தேடினால் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே மேனுவல் பிடிஎஃப் கிடைக்கும். பார்ட்ஸ் வாங்கவும் அந்த நம்பர்தான் வேணும். பிறகு, எந்த ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. திரும்ப மாட்டும்போது 'இது எங்கே இருந்துச்சு?' என்று முழிக்க மாட்டீங்க.

டேங்க்கில் இருக்கிற பழைய பெட்ரோலைக் கேனில் இறக்குங்க. அதை முகர்ந்தாலே தெரியும், பெட்ரோல் வாசனை போய் பெயின்ட் மாதிரி புளித்த வாடை வரும். வால்வை மூடுங்க. வால்வு இல்லாத மெஷினில் ரப்பர் குழாயை ஒரு கிளிப்பால் நசுக்கிப் பிடிக்கலாம். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். அதை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். அடியில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு அந்த போல்ட்டைக் கழற்றுங்க. உள்ளே பச்சையாகவோ மஞ்சளாகவோ பிசின், வெள்ளைப் பவுடர், அடியில் உருளும் தண்ணீர்த் துளி... இதில் எது இருந்தாலும் திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

சில இன்ஜின்களில் அந்த போல்ட்டிலேயே குறுக்கே சின்ன ஓட்டைகள் இருக்கும். அதுவே ஜெட். அந்த ஓட்டைகளைப் பார்க்காமல் போல்ட்டை மட்டும் துடைத்து மாட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண். மற்ற இன்ஜின்களில் கார்புரேட்டர் நடுவில், மேல்நோக்கிப் போகிற குழலுக்குள் பித்தளை ஜெட் இருக்கும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை ஓட்டைகளுக்குள் அடியுங்க. கண்ணாடி போடாமல் அடிக்காதீங்க, ஒரு பக்கம் அடித்தால் இன்னொரு பக்கம் நேராகக் கண்ணுக்கு வரும். அடைப்பு போகவில்லை என்றால் பழைய சார்ஜர் வயருக்குள் இருக்கிற மெல்லிய செம்புக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்து நுழைத்துப் பாருங்க. தையல் ஊசி வேண்டவே வேண்டாம். எஃகு ஊசி பித்தளையைச் சுரண்டி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் இன்ஜின் பெட்ரோலை மடமடவென்று குடித்துக் கறுப்புப் புகை விடும்.

கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிற ரப்பர் வளையம் கிழியாமல், முறுக்கிக்கொள்ளாமல் உட்காரணும். போல்ட்டை இறுக்கமாக மாட்டினால் போதும், பலத்தைக் காட்ட வேண்டாம். வால்வைத் திறந்து ஒரு நிமிஷம் பொறுத்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்க. கசிந்தால் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கசியவில்லையா? புது பெட்ரோல், பிளக் வயர், சோக், பிரைமர்... இழுங்க.

இதையும் மீறி ஓடவில்லை என்றால் கார்புரேட்டரை இரண்டாவது தடவை குடைவதைவிடப் புதுசு வாங்கி மாட்டுவது புத்திசாலித்தனம். பல மாடல்களுக்கு அது விலை குறைவு, இரண்டு நட்டில் வேலை முடியும். இன்னொரு விஷயம், 'ஏர் ஃபில்ட்டரைக் காணோமே, யாரோ தொலைச்சிட்டாங்க' என்று தேடாதீங்க. நிறைய ஸ்நோ இன்ஜின்களில் ஏர் ஃபில்ட்டரே வைப்பதில்லை. பனிக்காலத்தில் தூசு கிடையாது, ஃபில்ட்டர் இருந்தால் அதில் பனி உறைந்து மூச்சடைக்கும்.

கயிறே அசையவில்லையா? போன தடவை உள்ளே போன பனி உருகித் திரும்ப உறைந்திருக்கும். சூடான கராஜில் சில மணி நேரம் நிறுத்தினால் இளகிவிடும். தீக்குச்சி, டார்ச் மாதிரி நெருப்பு எதையும் பெட்ரோல் மெஷின் கிட்டே கொண்டு போகாதீங்க.

இன்ஜின் ஓடுது, பனி பறக்கலை

ஆகரின் ஒரு பக்கம் சுற்றுகிறது, இன்னொரு பக்கம் சும்மா நிற்கிறதா? சந்தோஷப்படுங்க, உங்கள் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

டூ ஸ்டேஜ் மெஷின்களில் ஆகரையும் அதன் அச்சையும் ஷியர் பின் என்கிற மெலிந்த போல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும். பனிக்கு அடியில் புதைந்த கல், கால்மிதி, கவரோடு கிடக்கும் நியூஸ்பேப்பர் எதையாவது ஆகர் கடித்துவிட்டால் இந்த பின் உடைந்துவிடும். உடைவதற்காகவே செய்யப்பட்டது அது. அது உடையாவிட்டால் அந்த அடி நேராக கியர் பாக்ஸுக்குப் போகும். பின்னின் விலை ஒன்றிரண்டு டாலர். கியர் பாக்ஸ் விலையைக் கேட்டால் மெஷினையே தலைமுழுகிவிடலாம் என்று தோன்றும்.

இங்கேதான் நம்ம ஆட்களின் மூளை வேலை செய்யும். 'ஒரே அளவுதானே, ஹார்டுவேர் கடையில கெட்டியான போல்ட் வாங்கி மாட்டினா உடையவே உடையாது!' உடையாதுதான். ஃப்யூஸ் போன இடத்தில் தடிமனான கம்பியைச் சுற்றி வைத்தால் கரன்ட் கட் ஆகாதுதான். வீடு என்ன ஆகும்? அதே கதைதான். உங்கள் மாடலுக்கான பின்னையே வாங்குங்க. ஒன்று வாங்காமல் நாலு வாங்கி ஹேண்டில் பக்கம் டேப் போட்டு ஒட்டி வைங்க. மாட்டுவது ஐந்து நிமிஷ வேலை. உடைந்த துண்டைத் தட்டி வெளியே தள்ளி, ஓட்டைகளை நேராக்கி, புதுசை நுழைத்து நட்டைப் போட வேண்டியதுதான்.

பின் நன்றாக இருந்தும் ஆகர் சுற்றவில்லை, அல்லது பனி கொஞ்சம் கனமானாலே திணறி, ரப்பர் கருகும் வாசம் வருகிறது என்றால் பெல்ட்டைச் சந்தேகப்படுங்க. கவரைக் கழற்றிப் பாருங்க. ஓரம் பிய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்றணும். பெல்ட் நன்றாக இருந்தால் கை லீவரிலிருந்து போகிற கேபிள் தொய்ந்திருக்கலாம், அதை இறுக்க ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். சிங்கிள் ஸ்டேஜில் பனியை வீசுவது ரப்பர் துடுப்புகள், பெரும்பாலும் அவைதான் தேய்ந்திருக்கும்.

வண்டி முன்னால் நகரவில்லையா? டூ ஸ்டேஜ் மெஷின்கள் பலவற்றில் ஃப்ரிக்‌ஷன் டிஸ்க் என்று ரப்பர் பூசிய ஒரு சக்கரம் உள்ளே உரசித்தான் டயரைச் சுற்றவைக்கும். ரப்பர் தேய்ந்தாலோ, கிரீஸ் பட்டாலோ வழுக்கும். அதைப் பார்க்க மெஷினை முன்பக்கம் சாய்த்து நிறுத்தணும். சாய்க்கும் முன் பெட்ரோலை இறக்கிடுங்க. டிஸ்க்கை மாற்றுவது முதல் தடவைக்குக் கொஞ்சம் பொறுமை சோதிக்கும். கியர் பாக்ஸ் சத்தம், இன்ஜினுக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம், டேங்க் விரிசல், இதெல்லாம் வந்தால் யோசிக்காமல் கடைக்குக் கொண்டுபோங்க.

பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பெட்ரோல் தலைவலி கிடையாது. ஆனால், குளிரில் பேட்டரியின் சக்தி குறையும். பேட்டரியை வீட்டுக்குள் வைத்து, வேலைக்குப் போகும்போது மாட்டுங்க. வயர் மெஷின் என்றால் வெளியில் பயன்படுத்துவதற்கென்றே செய்த எக்ஸ்டென்ஷன் வயர் வேணும். அது ஆகரில் சிக்காமல் பார்த்துக்கணும்.

ஷூட் அடைச்சுக்கிச்சா? கையை எடுங்க!

இந்தப் பகுதியை மட்டுமாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓனர் அங்கிளுக்கு அனுப்புங்க.

வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நாட்களில் பனி மாவு மாதிரி இருக்காது, ரவா களி மாதிரி இருக்கும். அது ஷூட்டில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும், பனி வராது. வேலைக்கு நேரமாகிறது. உள்ளே அடைத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. குனிந்து கையை விட்டு ஒரு தள்ளு தள்ளினால் போச்சு என்று தோன்றும். விபத்து நடப்பது அந்த நொடியில்தான்.

'நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் கையை விடுறேன்' என்பார்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பனிக்கட்டியில் சிக்கி இம்பெல்லர் நிற்கும்போது, பெல்ட்டும் அச்சும் முறுக்கேறிய நிலையில் இருக்கலாம். சாவி கொடுத்த பொம்மையைக் கையால் பிடித்து நிறுத்தியிருப்பது மாதிரி. நீங்கள் அந்தக் கட்டியை எடுத்ததும் அடக்கி வைத்த முறுக்கு விடுபட்டு, இன்ஜின் ஓடாமலேயே பிளேடு ஒரு சுற்று சுற்றும். விரலுக்கு அந்த ஒரு சுற்று போதும். கனமான கிளவுஸ் போட்டிருக்கிறோமே என்ற தைரியமும் வேண்டாம். கிளவுஸ் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கை அறுவை சிகிச்சை நிபுணர்களின் அமைப்பான அமெரிக்கன் சொசைட்டி ஃபார் சர்ஜரி ஆஃப் த ஹேண்ட் இதற்கென்றே அறிவுரை வைத்திருக்கிறது. இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. லீவர்களை விட்டுவிடுங்க. பிளேடுகள் நிற்கும் வரை ஐந்து விநாடிக்கு மேல் காத்திருங்க. பிறகு, குச்சியால் மட்டும் அடைப்பை எடுங்க. எப்போதும் குச்சி, ஒருபோதும் கை இல்லை. பல மெஷின்களில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் துடுப்பு ஆகர் பெட்டியின் மேல் கிளிப்பில் மாட்டியிருக்கும். நிறைய வீடுகளில் அது மெஷின் வாங்கிய அன்றே தொலைந்திருக்கும். இல்லையென்றால் பழைய துடைப்பக் கட்டையில் ஒரு முழம் வெட்டி, மெஷினோடு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்க. தேடி எடுக்க வேண்டிய இடத்தில் குச்சி இருந்தால், அவசரத்தில் யாரும் தேட மாட்டார்கள். கைதான் போகும்.

அடைப்பைக் குறைக்கவும் வழி இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன், இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது ஷூட்டின் உட்பக்கம் சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. சமையலறையில் இருக்கிற நான்ஸ்டிக் எண்ணெய் ஸ்ப்ரேயும் சுமாராக வேலை செய்யும். ஈரப்பனியில் மெதுவாக ஊர்ந்தால்தான் அதிகம் அடைக்கும். அகலத்தைக் குறைத்து, இன்ஜினை முழு வேகத்தில் வைத்து ஓட்டுங்க. பனி நிற்கட்டும், மொத்தமாக எடுத்துக்கலாம் என்று காத்திருக்காமல் நடுவில் ஒரு தடவை எடுத்துவிட்டால் மெஷினுக்கும் சுலபம்.

ஹேண்டிலில் இருக்கும் லீவரை விட்டால் ஆகர் நின்றுவிடும்படி வைத்திருப்பது உங்களுக்காகத்தான். கை வலிக்கிறது என்று அதை டேப் போட்டு ஒட்டி, கயிற்றால் கட்டி வைத்திருக்கும் மெஷின்கள் உண்டு. ஓனர் அங்கிள் மெஷினில் அப்படி இருந்தால் கார்புரேட்டரைத் தொடும் முன்பு அதை அவிழ்த்துவிடுங்க. அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மார்ச்சில் பத்து நிமிஷம்

ஒவ்வொரு தடவை வேலை முடிந்ததும் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டால், ஆகரில் ஒட்டிய பனி உதிரும். அடுத்த நாள் உறைந்து நிற்காது. சீசன் முடியும்போது இரண்டு வழி. ஒன்று, டேங்க்கை இறக்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி கார்புரேட்டரைக் காயவைப்பது. இன்னொன்று, ஃப்யூயல் ஸ்டெபிலைசர் என்கிற மருந்தை புது பெட்ரோலில் கலந்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர ஐந்து பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவது. ஸ்டெபிலைசர் புது பெட்ரோலைத்தான் காக்கும். கெட்டுப்போன பெட்ரோலில் ஊற்றினால் எதுவும் நடக்காது. சில பங்க்குகளில் எத்தனால் கலக்காத பிரீமியம் கிடைக்கும். சின்ன டேங்க்தானே, கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் அதைப் போடுவது லாபம் என்பது என் கட்சி.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மெஷினை வெளியே தள்ளி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்போது ஓடவில்லை என்றால் பார்ட்ஸும் கிடைக்கும், மெக்கானிக்கும் போனை எடுப்பார்.

சரி, கேனில் இறக்கி வைத்த அந்தப் பழைய பெட்ரோலை என்ன பண்றது? சாக்கடையிலும் ஊற்றக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மூடி இறுக்கமான பெட்ரோல் கேனிலேயே வைத்து, உங்கள் ஊர் மாநகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்க. காரில் எடுத்துப்போகும்போது கேன் டிக்கியில் நிமிர்ந்து நிற்கட்டும்.